மண்ணீரலை எடுக்கக் காசு உண்டு

என் காலில் புள்ளி விழுந்ததால் எங்கள் தெருவில் இருந்த தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் காலியாயின. அங்கிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தி எடுத்தது போல சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. பல் விளக்கிக் கொப்பளித்தால் தண்ணீர் சிவந்து வந்தது. வளையல் இடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. வயசான உடம்பு, எதையாவது காட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். வன்னியம்பட்டியில் வாக்கப்பட்டிருக்கும் என் மகள் செல்வி ஒரு விசேஷத்துக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே செட்டியார்பட்டியில் பஸ் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். தட்டணு ரொம்பக் குறைந்து போயிருக்கிறது என்றார்கள்.

தட்டணு குறைந்தது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான், டெங்கு. நான் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து வீடு வீடாகத் தொட்டியைக் கவிழ்த்தார்கள், குடத்தைக் கவிழ்த்தார்கள், ஆட்டுக்கல் குழியில் கிடந்த தண்ணீரைக்கூட விடவில்லை. புகை மெஷினை வைத்து அடித்ததில் கோழிகள் எல்லாம் கூரையில் ஏறிக்கொண்டன.

"நல்ல தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு! இவளுக்குக் காய்ச்சலாம், எங்க தொட்டியக் கவுக்கானுவ," என்று எதிர்வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

எனக்குக் காய்ச்சலே இல்லை. அதை நான் சொல்லத்தான் செய்தேன். வாசல் நிலைக்குப் பின்னால் நின்று சொன்னதால் யார் காதிலும் விழவில்லை.

என் சுபாவம் அப்படி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை மடித்துக் கட்டும் வேலைக்குப் பல வருஷம் போனேன். அங்கேயும் மூலை பார்த்துத்தான் உட்காருவேன். வீட்டுக்கு வெளியாள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். இப்படிப்பட்டவள் இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், இதே நோய் வந்து இதே மாதிரி பேசாமல் உட்கார்ந்திருக்கிற பெண்கள் இன்னும் இருப்பார்கள் என்பதுதான்.

என் வீட்டுக்காரர் தெருவில் இருந்த பப்பாளி மரங்களை எல்லாம் மொட்டையடித்து, இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தார். நிலவேம்புக் கசாயம் வேறு.

"குடிட்டி. கசந்தாத்தான் ஏறும்."

"வாந்தி வருது."

"வரட்டும். பொறவு ஒரு வாய் குடி."

ஏறவில்லை. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. தெருவில் அதை யாரும் நம்பவில்லை. தொட்டியைக் கவிழ்த்த பிறகு டெங்கு இல்லை என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். பெயரை எழுதினால் அவர்களுக்குத்தான் தொல்லை.

என்னைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு, வெளியூர்க்காரி. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசும். நோயை அது சொன்னபடியே எழுதுகிறேன். நம் ரத்தத்தில் தட்டணு என்று பொடிப்பொடியாக ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே கீறல் விழுந்தாலும் அது ஓடிப் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ரத்தம் நிற்கிறது. "உங்க உடம்புல, காவலுக்கு வெச்ச ஆளே வீட்டு ஆளுங்களைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான். தட்டணுவை உங்க உடம்பே அழிக்குதும்மா. பெரும்பாலும் மண்ணீரல்ல வச்சுத்தான் அழிக்கும்," என்று என் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டியது. இத்தனை வருஷம் எனக்குள் அப்படி ஒரு உறுப்பு இருந்ததே எனக்குத் தெரியாது.

புற்றுநோயாக இருக்குமோ என்று பார்க்க இடுப்பெலும்பில் இருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும், உள்ளே ஊசியைத் திருகி உறிஞ்சும்போது, அடித்து இறக்கிய ஆணியைப் பிடுங்குவது போல இருந்தது. அதை மதுரைக்கு அனுப்பிவிட்டு முடிவு வருகிற வரைக்கும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வீட்டுக்காரர் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்தால் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியாது. ஈறில் ரத்தம் வருவதால் பிரஷ் போடக்கூடாது என்று நர்சம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, சத்திரப்பட்டிக்குப் போய் மெல்லிய பேண்டேஜ் துணி வாங்கிவந்து, சுடுதண்ணீரில் அலசி, விரலில் சுற்றிப் பல் துடைக்கிற அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாளில் இருந்து அவர் எனக்குச் செய்ததில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். அது வேலை செய்தது. புள்ளிகள் மங்கின. ஆனால் கூடவே ஒரு பேய்ப்பசி வந்தது. இட்லியைத் தின்றுவிட்டு அடுத்த கட்டிலுக்காரியின் இட்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் பணியாரம் மாதிரி உப்பியது. ராத்திரியில் தூக்கம் என்பதே கிடையாது. சர்க்கரை இல்லாத எனக்குச் சர்க்கரை வந்தது, அதற்கு ஒரு மாத்திரை. மாத்திரையைக் குறைத்தால் தட்டணு இறங்கும், கூட்டினால் ஏறும். இப்படியே வன்னியம்பட்டியில் மகள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தேன்.

ஒரு நாள் டாக்டரம்மா என்னையும் செல்வியையும் உட்கார வைத்தது.

"ஸ்டீராய்டை இப்படியே ஓட்ட முடியாதும்மா. எலும்பு பொடிஞ்சிரும். இனிமே ரெண்டு வழி. ஒண்ணு, ஆபரேஷன் பண்ணி மண்ணீரலை எடுத்துடறது. உங்க காப்பீட்டு அட்டையில ஃப்ரீ. இன்னொண்ணு, ஒரு மாத்திரை. எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்பி, இன்னும் தட்டணு செய்னு சொல்லும். தினம் போடணும். அது அட்டையில வராது. இங்க ஸ்டாக்குலயும் வராது."

"ரெண்டுல எது நல்லது?" என்று செல்வி கேட்டாள்.

டாக்டரம்மா என் ரத்தச் சீட்டைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தது. "இவங்க வயசுக்கு, சர்க்கரையும் இருக்கு... எங்க அம்மாவா இருந்தா மாத்திரைதான் குடுப்பேன்."

"அப்போ எங்க அம்மாவுக்கு?"

"ஆபரேஷன்தான் வருது."

இருந்தாலும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை ஆஸ்பத்திரி மருந்துச் சன்னலில் நீட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மாத்திரையின் விலையைச் செல்வி வெளியே போய் விசாரித்து வந்தாள். எங்கள் வீட்டு மாத வரவு முழுவதையும் போட்டாலும் பத்தாது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவே இல்லை. கத்தி வைக்கக் காசு இருக்கிறது. மயக்க மருந்துக்கு, கட்டிலுக்கு, தையலுக்கு எல்லாம் இருக்கிறது. அதற்கு முன்னால் போட வேண்டிய தடுப்பூசிகளுக்கும் இருக்கிறதாம், ஏனென்றால் மண்ணீரல் போய்விட்டால் சாதாரணக் காய்ச்சலே ஆளைச் சாய்த்துவிடுமாம். ஆனால் வீட்டில் இருந்து தண்ணீரோடு விழுங்குகிற மாத்திரைக்குக் காசு இல்லை. அடுத்த முறை போனபோது வாயைத் திறந்து கேட்டேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது.

"டாக்டரம்மா, எந்த மருந்துக்குக் காசு குடுக்கணும், எதுக்கு வேண்டாம்னு யார் முடிவு பண்ணுதாக?"

"சென்னையில ஒரு கமிட்டி இருக்கும்மா. டாக்டருங்க, கணக்கு பாக்கிறவங்க எல்லாம் உக்காந்து பேசுவாங்க. மூணு விஷயம் பாப்பாங்க. மருந்து வேலை செய்யுதா? எத்தனை பேருக்கு வேணும்? எல்லாருக்கும் குடுத்தா எவ்வளவு ஆகும்? உங்க மாத்திரை மொதல் கேள்வியில ஜெயிச்சிரும். அடுத்த ரெண்டுல தோத்துரும். இந்த நோய் ரொம்பப் பேருக்கு வராது. அட்டையும் பெட்ல படுக்கிறவங்களுக்காகப் போட்டதுதான். வீட்ல சாப்பிடற மாத்திரைக்கு அதுல பெரும்பாலும் வழியில்ல."

"ரொம்பப் பேருக்கு வந்திருந்தா?"

"வந்திருந்தா எப்பவோ சேர்த்திருப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் நோய்க்குத் துணை இல்லாதது என் குற்றமா? கொஞ்சம் பேர் செத்தால் அது சாவில் சேராதா? ஆனால் இதை நான் மனசுக்குள்தான் கேட்டேன். வெளியே சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆபரேசனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பஸ்ஸில் செல்வி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? சும்மா செஞ்சுதாரேன்னு சொல்லுதாக. வேண்டாங்கே!"

"சும்மா கெடைக்குங்கிறதுக்காக ஒண்ணக் குடுத்துர முடியுமா? அது எனக்குள்ள இருக்கிறது. நாளைக்கு மாத்திரைய அட்டையில சேத்துட்டா, எடுத்தத திரும்ப வைப்பாகளா?"

"சேக்காட்டி? மூக்குல ரத்தம் ஊத்திச் சாவியா?"

அவள் வாய் முகூர்த்தம், அந்த வாரமே ஊற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மூக்கில் தொடங்கிய ரத்தம் சேலை முன்பக்கம் முழுவதையும் நனைத்தது. பால்கோவா கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டம் கூடிவிட்டது. ரத்தத்தைவிடக் கூட்டத்துக்குத்தான் எனக்கு வெட்கம். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நீளமாக மடித்த துணியை மூக்குக்குள் திணித்து, நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அந்தத் துணியின் மடிப்பு எனக்குத் தெரிந்த மடிப்பு. மூக்கு நிறைய அதை வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். செல்வி அழுதாள். என் வீட்டுக்காரர் மட்டும், "அவ சொன்னா சொன்னதுதான். இருங்க, பாப்போம்," என்றார். நான் எதையும் சொன்னதே இல்லை என்பது அவருக்கு நினைவில்லை போல.

அந்த முறை ரத்தம் நின்ற பிறகு, வெளிநோயாளிகள் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தேவதானத்துக்காரி, பெயர் பாப்பா. அவள் கையிலும் அதே கத்தரிக்காய் நிறம், பழைய தழும்பாக மங்கியிருந்தது. பேச்சுக் கொடுத்தாள்.

"எனக்கும் இதேதான் மதினி. ரெண்டு வருசமா மாத்திரை திங்கேன், இப்பத் தேவலை."

"எந்த மாத்திரை?"

பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா சொன்ன அதே பெயர்.

"காசு?"

"எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தவரு. அந்த அட்டைக்குச் சும்மா குடுக்காக. அவிய பனியில நின்னாகல்லா, அதுக்கு."

"எங்க வீட்டுக்காரர் சேத்துல நின்னாரு," என்றேன்.

அவளுக்கு முகம் வாடிவிட்டது. நான் குத்திச் சொல்லவில்லை, அப்படி விழுந்துவிட்டது. அவள் ஒரு அட்டை மாத்திரையை எடுத்து என் மடியில் வைத்தாள். "கொண்டு போங்க மதினி. நான் ஒரு நா விட்டு ஒரு நா போட்டுக்கிடுதேன்." எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் கை போனது. அவள் தட்டணுவைப் பிடுங்கி என் உடம்புக்குள் போட்டுக்கொள்வதா? அவள் பையிலேயே திரும்ப வைத்தேன். எனக்கு வேண்டியது அவளுடைய மாத்திரை இல்லை, என்னுடையது.

அப்போது அவள் ஒன்று சொன்னாள். பட்டாளத்து அட்டை கைக்கு வருவதற்கு முன்னால் அவளும் இங்கே மருந்துச் சன்னலில் சீட்டை நீட்டியிருக்கிறாள், பல தடவை. இன்னும் இரண்டு பேர் நீட்டியதையும் பார்த்திருக்கிறாள்.

நான் நேராக டாக்டரம்மாவிடம் போய் அதைச் சொன்னேன். அது தலையைப் பிடித்துக்கொண்டது. வெளியில் வாங்கிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பணம் உண்டாம். அதில் எனக்கு வாங்கலாம் என்று பெரிய டாக்டரிடம் கேட்டதாம். அவர் மருந்துக் கிடங்கில் விசாரித்துவிட்டு, "இந்த மாத்திரையைக் கேட்டு வந்து கிடைக்காமப் போனதா ஒரு பதிவுகூட இல்லையே. தேவையே இல்லாத மருந்தை எப்படி வாங்குறது? சென்னைக்குத்தான் என்னன்னு எழுதுறது?" என்றாராம்.

"நான் கேட்டேனே! ரெண்டு தடவ கேட்டேன்."

"இல்லைனு எழுதிக் குடுத்தாங்களா?"

எழுதிக் கொடுக்கவில்லை. சன்னலில் இருந்த மருந்தாளுநர் சிக்கந்தர் தம்பி என்ன சொன்னது என்பது எனக்கு அப்படியே நினைவிருந்தது. "அடுத்த வாரம் பாருங்க ஆச்சி." நானும், "ஆகட்டும்யா, பொறவு வாரேன்," என்று வந்துவிட்டேன். பாப்பாவுக்கும் அதே பதில்தான்.

இதில் அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் அத்தா, அதாவது அப்பா, ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடைக்காரர் யாரும் எங்கள் பக்கத்தில் சரக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள். நாளைக்கு வரும் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அரிசி தீர்ந்தால் அரிசி வாங்கணும் என்போம், தீர்ந்துபோச்சு என்று வாயால் சொல்லமாட்டோம். கேட்டவளுக்கும் அது தெரியும், இல்லை என்று எதிரில் இருப்பவர் வாயில் வர வைக்கக்கூடாது என்று நகர்ந்துவிடுவாள். இப்படி நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதை பண்ணிக்கொண்டதில், சென்னைக்குப் போன கணக்கில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கே சன்னலில் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சீட்டை நீட்டினேன்.

"ஆச்சியா! மூக்கு தேவலையா? இது அடுத்த வாரம் பாருங்க."

"வேண்டாம் தம்பி. இல்லைன்னு எழுதிக் குடு."

அவன் சிரித்தான். "மருந்துச் சன்னல்ல உக்காந்துகிட்டு அப்பிடி எழுதச் சொல்றீயளே ஆச்சி. எங்க அத்தா கேட்டா வெரட்டி விட்டுருவாரு."

"அத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். எழுது."

"வந்தா நானே எடுத்து வச்சிருந்து தாரேன். நம்ம ஆச்சிக்கில்லாமலா?"

"வராதுல்லா, தம்பி?"

பின்னால் இருந்து சத்தம் வந்தது. "ஏ கெழவி, வாங்கிட்டா நவுரு!" இன்னொருத்தர், "சன்னல வாடகைக்கு எடுத்துருக்காக போலயே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை கன்றும் என்று தெரியும். கன்றட்டும் என்று பிடித்தேன்.

"நான் கேட்டு வாங்காமப் போனேன்னு ஒரு எழுத்து வேணும். அது இல்லாட்டி நான் இங்க வந்ததே பொய்யாப் போயிருது. எழுதுத வரைக்கும் நவுர மாட்டேன்."

இதை நான் கத்திச் சொல்லியிருக்கிறேன். செல்வி வெளியே மரத்தடியில் நின்றவள், குரலைக் கேட்டு யாரோ என்று நினைத்தாளாம்.

சிக்கந்தர் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு முத்திரையை எடுத்தான். அதை அவன் எடுத்தே பார்த்ததில்லை போல, மையில் இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. "இருப்பில் இல்லை" என்று குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, தன் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டான். சீட்டை நீட்டும்போது, "மன்னிச்சிருங்க ஆச்சி," என்றான். என்னிடமா, சன்னலிடமா, அவன் அத்தாவிடமா, தெரியவில்லை.

நான் நகர்ந்ததும், சன்னலை வாடகைக்கு எடுத்ததாகச் சொன்னாரே, அவர் தன் சீட்டை நீட்டி, "எனக்குக் கண்ணு மருந்து மூணு வாட்டியா அடுத்த வாரம்தான். எனக்கும் ஒரு குத்து குத்துங்க," என்றார்.

பாப்பா மற்ற இரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடித்தாள். ஒருத்தி வந்து குத்து வாங்கிப் போனாள். இன்னொருத்தி ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டாள். அந்தப் பதிவை வைத்துத்தான் பெரிய டாக்டர் எனக்குக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை வெளியில் வாங்கித் தர ஒத்துக்கொண்டார். சென்னைக்கும் எழுதினார்கள்.

மாத்திரை சின்னதுதான். வெறும் வயிற்றில் போட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் பல மணி நேரத்துக்குப் பால், தயிர், மோர் எதுவும் ஆகாது, சுண்ணாம்புச் சத்து அதை வேலை செய்ய விடாதாம். வன்னியம்பட்டியில் மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு கருப்பட்டிக் காப்பி குடித்தேன். கல்லீரலுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தட்டணு மெதுவாக ஏறியது. ஸ்டீராய்டு குறைந்தது. முகம் எனக்குத் தெரிந்த முகமாகத் திரும்பி வந்தது. சர்க்கரை மட்டும் வந்தது வந்ததுதான், போகவில்லை.

அப்புறம் ஒரு நாள் சென்னையில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். அவரும் டாக்டர்தானாம். கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷர். வெளியில் வாங்குகிற மருந்துகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர், இந்த மாத்திரை யாருக்கு என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் இருக்கிற அறை. கதவு ஓரமாக நின்றேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"சந்தோஷம். நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக்கூடாது. உங்க ஒருத்தருக்கு இந்த மாத்திரை வாங்குற காசுல எத்தனையோ பேருக்கு சுகர் மாத்திரை குடுக்கலாம். நாங்க எல்லாரையும் பாக்கணும்ல?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சங்கடம். ஊர் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள், அவர்கள் மாத்திரையைப் பிடுங்கித் தின்னவா நான் கேட்கிறேன்? ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"அந்த சுகர் மாத்திரையும் நான்தான் அய்யா திங்கேன். இதே நோய்க்கு ஸ்டீராய்டு குடுத்தாகல்லா, அதுல வந்த சுகர். அந்தக் கணக்குலயும் நான்தான் இருக்கேன்."

டாக்டரம்மா குனிந்து தரையைப் பார்த்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமேம்மா. அதுக்கு முழுக்க நாங்க குடுக்கிறோம்."

"கொடல எடுங்க, மண்ணீரல எடுங்கன்னா அதுக்குக் காசு வச்சிருக்கீய. உள்ளதை உள்ளபடி வச்சிருக்கணும்னா அதுக்கு வைக்கலியே. அந்த ஆபரேசன் காச எனக்கு மாத்திரையாக் குடுங்க."

"அப்படிச் செய்ய முடியாதும்மா. ஆபரேஷன்னா ஒரு தடவை செலவு, முடிஞ்சிரும். கணக்குப் போட்டுடலாம். மாத்திரைன்னா மாசாமாசம். எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. நீங்க இன்னும் எத்தனை வருஷம்..."

அதோடு நிறுத்திவிட்டார். நல்ல மனுஷர், அவர் முகம் சிவந்துவிட்டது. அவர் விட்ட இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாத்திரைச் செலவு எவ்வளவு என்பது நான் எப்போது சாவேன் என்பதில் இருக்கிறது. சீக்கிரம் செத்தால் மலிவு.

"இன்னும் எத்தன வருசம் இருப்பேன்னுதானே கேக்க வந்தீய?" என்றேன். "கேளுங்க, தப்பில்ல. எங்க அம்மா தொண்ணூறு தாண்டியும் தானே தண்ணி எறச்சிக் குளிச்சா. எங்க பெரியம்மா அதுக்கு மேல. நாங்க சீக்கிரம் போற குடும்பம் இல்ல. அத வச்சே கணக்குப் போட்டுக்கிடுங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரி அடக்கவில்லை, சிரித்துவிட்டார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அட்டையில் அந்த மாத்திரை இன்னும் சேரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்ததாக டாக்டரம்மா சொன்னது. வெளியில் வாங்குவதை மட்டும் கமிட்டி அடுத்து உட்காருகிற வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். கமிட்டி உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்னால் மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள், மறுபடி நான் போட மாட்டேன். மறுபடி மூக்கில் ரத்தம் வரலாம். பயம் இல்லை என்று சொன்னால் பொய். புள்ளி இருக்கிறதா என்று தினமும் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆனால் முன்னைப் போல ஏனோதானோ என்று உடம்பை வைத்திருப்பதில்லை. மாத்திரை நேரம் தவறுவதில்லை. சர்க்கரைக்காகச் சாயந்திரம் தெருக்கோடி வரைக்கும் நடக்கிறேன். அன்றைக்கு அப்படி நடந்து வரும்போது, தொட்டியைக் கவிழ்த்ததுக்குச் சத்தம் போட்ட எதிர்வீட்டுக்காரி, "எதுக்கு இந்த வயசுல இம்புட்டு வேகம்?" என்றாள்.

"அரசாங்கத்துக்குச் செலவு வைக்கணும்லா," என்றேன். தெருவில் நின்றுதான் சொன்னேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி.